புதுச்சத்திரம் தாண்டும் வரை

எங்கள் மகளுக்கு ஏற்காட்டு மலை ஏறும்போது வாந்தி வந்ததே இல்லை. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டு வருவாள். நான்தான் முன்சீட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு முருகா முருகா என்று கிடப்பேன். அப்படிப்பட்டவளுக்குக் கோடு போட்டது போல நேராகக் கிடக்கிற நாமக்கல் ரோட்டில் வாந்தி வந்தது. விடுதிக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அதுவும் சொல்லிவைத்த மாதிரி ஒரே இடத்தில், புதுச்சத்திரம் நெருங்குகிறபோது வந்தது.

புதுச்சத்திரம் என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கிருந்துதான் கோழிப் பண்ணைகள் வரிசையாகத் தொடங்கும். நீள நீளமான கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் கோழிகள், அவற்றுக்கு அடியில் அவற்றின் எரு. கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாலும் அந்த நாற்றம் எப்படியோ தொண்டைக்குள் இறங்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் வாந்தி எடுப்பது அதிசயமில்லை. ஆகவே நாங்கள் கோழிகள் மேல் பழியைப் போட்டோம். நாலு பேரிடம் சொன்னபோது நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்குத் தெரிந்து கோழி நாற்றத்துக்கு ஒரு பிள்ளை வாந்தி எடுக்கிறாள் என்பதை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளும் ஊர் வேறெங்கும் இருக்காது.

நாங்கள் இருப்பது சேலம் அம்மாபேட்டையில். நான் அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். வீட்டுக்காரர் திருச்செங்கோட்டுப் பக்கம். ஐந்து ரோடு அருகே, போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையில் மேனேஜர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஒரு போர் போட்டுத் தண்ணீரே எடுத்துவிடலாம். அவர் பேசாததையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. எங்களுக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பில் அவள் நல்ல மார்க் வாங்கினாள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் பத்தாவதில் மார்க் வாங்கிய பிள்ளையை நாமக்கல்லில் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ‘போடுவார்கள்’. சேர்ப்பது என்று யாரும் சொல்வதில்லை. “பாப்பாவ எங்க போட்டிருக்கீங்க?” என்று கேட்பார்கள், வங்கியில் டெபாசிட் போட்டதை விசாரிப்பதைப் போல. நாமக்கல் என்று சொன்னால் அடுத்த கேள்வி கிடையாது; மரியாதையாக ஒரு தலையசைப்புதான். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும், டாக்டர் இல்லாவிட்டால் என்ஜினியர் என்று தெருவே கணக்குப் போட்டது. நானும் போட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே படித்து நன்றாக இருக்கிற பிள்ளைகளை எனக்கே தெரியும். எங்கள் மகளும் “சரிம்மா, போறேன்” என்றுதான் சொன்னாள். எதற்கும் சரி என்று சொல்கிற சுபாவம் அவளுக்கு, அப்பாவிடமிருந்து வந்தது.

மாதத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் திரும்ப விட்டுவிட வேண்டும். சனிக்கிழமை எனக்குச் சங்கத்தில் வேலை இருக்கும் என்பதால் அவர் மட்டும் போய் அழைத்து வருவார். ஞாயிற்றுக்கிழமை மூவரும் போவோம். மத்தியானம் மட்டன் குழம்பு, அவளுக்குப் பிடித்த தட்டுவடை செட், போகும்போது ஒரு தூக்கில் பணியாரம். நாலரை மணிக்குக் கிளம்பினால் சீலநாயக்கன்பட்டி வரை மூவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு போவோம். மல்லூரில் பேச்சுக் குறையும். ஆண்டகளூர் கேட்டில் அவள் முழுக்க அடங்கிவிடுவாள். புதுச்சத்திரத்தில் “அப்பா, நிறுத்துங்கப்பா” என்பாள். நான் செய்த மட்டன் குழம்பு ரோட்டோரத்துப் புல்லுக்குப் போகும்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எலுமிச்சை கொடுத்தேன், இஞ்சி மொரப்பா கொடுத்தேன், கற்பூரத்தைத் துணியில் முடிந்து கொடுத்தேன், முன்சீட்டில் உட்கார வைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று சீட்டில் செய்தித்தாள் விரித்து அதன் மேல் உட்கார வைத்தேன். வாந்தி எடுத்தபோது அந்தத் தாள்தான் உதவியது. பிறகுதான் எனக்குத் தோன்றியது: நாற்றத்தை நினைக்க விடாமல் மனதை வேறெங்காவது மாட்டிவிட வேண்டும். ஆட்டம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன்.

முதல் ஆட்டம் லாரிக் குடும்பம். அந்த ரோட்டில் லாரிக்குப் பஞ்சமில்லை. லாரியின் நெற்றியில் முதலாளியின் பிள்ளைகள் பெயர் எழுதியிருக்கும். எதிரே வருகிற லாரியில் பெயர்களைப் படித்துவிட்டு அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அடுத்த லாரி வருவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு லாரியில் மூன்று பெண் பெயர்கள், நான்காவதாக ஒரு பையன் பெயர், அது மட்டும் இரண்டு மடங்கு பெரிய எழுத்தில்.

“பையன் பொறக்கற வரைக்கும் பிரேக்கே போடல போல” என்றேன் நான்.

“அந்த மூணாவது புள்ள பாவம்மா” என்றாள் மகள். “எடமில்லாம பேர நெருக்கி எழுதியிருக்காங்க. அவளத்தான் ஹாஸ்டல்ல போட்டிருப்பாங்க.”

நான் சிரித்தேன். நல்ல கதை என்று அவளுக்கு இரண்டு பாயிண்ட் கொடுத்தேன்.

அடுத்தது மொட்டை. லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைகள் நாமக்கல்லில் நிறைய உண்டு. அதற்காக வெறும் சேஸ், அதாவது என்ஜினும் சக்கரமும் மட்டும் உள்ள எலும்புக்கூட்டை, ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டு வருவார்கள். டிரைவருக்கு மேலே கூரை கிடையாது, முன்னே கண்ணாடி கிடையாது. ஒரு பலகையில் உட்கார்ந்து, தலையில் ஹெல்மெட், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வெயிலில் வருவார். அதைத்தான் நாங்கள் மொட்டை என்போம். முதலில் பார்த்து ‘மொட்டை’ என்று கத்துகிறவருக்கு ஐந்து பாயிண்ட். கையசைத்து அந்த டிரைவரையும் கையசைக்க வைத்துவிட்டால் பத்து.

இதில் வீட்டுக்காரர்தான் எப்போதும் முதலில் பார்த்தார். கடை அனுபவம். ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வருகிறபோதே “மொட்டை” என்று மெதுவாகச் சொல்லிவிடுவார். ஓட்டுகிறவருக்கு ஆட்டத்தில் இடமில்லை என்று நான் சட்டம் போட்டேன்.

“வண்டிக்குப் பெட்ரோல் போடறவனுக்கு எடமில்லியா?” என்றார்.

“இல்ல.”

“அப்ப நீயே தள்ளிக்கிட்டு வா.”

மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த மாதம் ஆண்டகளூர் கேட் தாண்டியும் அவள் பேசிக்கொண்டு வந்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஒரு தண்ணீர் லாரியை மொட்டை என்று சாதித்து ஐந்து பாயிண்டும் வாங்கிக்கொண்டேன். ஆனால் புதுச்சத்திரத்தில் நின்றோம்.

மாதங்கள் போகப் போக அவள் இளைத்தாள். சுடிதார் தோளில் நிற்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. விடுதி வார்டனிடம் கேட்டேன். “மொத வருசம் எல்லாப் புள்ளைகளும் இப்படித்தாங்க. செட் ஆயிருவாங்க” என்றார் அந்த அம்மாள். நல்ல மனுஷிதான். மகளிடம் கேட்டேன். “நல்லாத்தாம்மா இருக்கேன், படிக்க நெறைய இருக்கு” என்றாள். சோறு எப்படி என்றேன். நல்லா இருக்கு என்றாள். சேர்ந்து படிக்கிற பிள்ளைகள் எப்படி என்றேன். அவர்களும் நல்லா இருக்கிறார்கள். உலகத்தில் நல்லா இல்லாதது கோழி நாற்றம் ஒன்றுதான் என்று ஆனது.

அப்போதுதான் ஒரு ஞாயிறு, வாய் திறக்காத மனிதர் வாய் திறந்தார்.

“நாத்தத்துக்குப் பயந்து ஓடுனா அது தொரத்தத்தான் செய்யும். அதையே ஆட்டத்துல சேத்துக்கிட்டா?”

அவர் சொன்ன ஆட்டம் இதுதான். ஒருவர் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். மூக்கை மட்டும் வைத்து இப்போது எங்கே வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஊர் பெயரைச் சரியாகச் சொல்லும் வரை கட்டை அவிழ்க்கக் கூடாது.

நான் முதலில் கேலி செய்தேன். விளையாடிப் பார்த்தபோதுதான், அந்த ரோடு முழுக்க மூக்குக்கென்றே செய்தது என்று தெரிந்தது. மல்லூர்ப் பக்கம் செங்கல் சூளைப் புகை. ஆண்டகளூர் கேட் வந்தால் ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாசனை, மாவு ஊறி நாலு நாள் ஆனதைப் போல. அப்புறம் கோழி. கோழிக்குப் பிறகு நாமக்கல் நெருங்க நெருங்கப் பட்டறைகளின் பெயிண்ட் வாசனை. அந்த வாசனை வந்தால் பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு என் மூக்கின் மேல் தனிக் கர்வம் உண்டு. பக்கத்து வீட்டில் பருப்புத் தீய்ந்தால் அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை பெயிண்ட் வாசனையைப் பெட்ரோல் பங்க் என்று சொல்லித் தோற்றேன். “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்றாள் மகள். பெற்ற தாயைச் சொல்கிற பேச்சா என்று கையை ஓங்கினேன். கண் கட்டியிருந்ததால் அடி ஹெட்ரெஸ்ட்டில் விழுந்தது. மூவரும் சிரித்தோம். அன்றும் அவள் வாந்தி எடுத்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே எடுத்தாள், அதுவே முன்னேற்றம் என்று நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து விடப் போன ஞாயிறு அது. விடுமுறையின் கடைசி இரண்டு நாள் அவள் எதையும் சரியாகச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது நல்ல வெளிச்சம். தை மாதத்துக் காற்று ஜிலுஜிலுவென்று இருந்தது. என் முறை. பின்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். இந்த முறை தோற்பதில்லை என்று சபதம். இரண்டு பக்கமும் கண்ணாடி இறக்கியிருந்தது. சூளைப் புகையில் மல்லூரைச் சரியாகச் சொன்னேன். கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டேன். புளித்த வாசனை வந்தது, ஆண்டகளூர் கேட்டையும் சொன்னேன். மறுபடி கட்டிக்கொண்டேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. காற்றும், எங்கோ அறுத்த சோளத்தட்டு வாசமும்தான்.

“எங்கம்மா வந்திருக்கோம்?” என்று மகள் கேட்டாள். குரல் சன்னமாக இருந்தது.

“பொறுடி. புளிப்புப் போயாச்சு, கோழி இன்னும் வரல. அப்ப புதுச்சத்திரத்துக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருக்கோம். சரியா?”

சீட்டில் அவள் கதவுப் பக்கம் நகர்வது தெரிந்தது.

“சரியா, தப்பா? சொல்லு.”

“அப்பா, நிறுத்துங்கப்பா.”

வண்டி இடது பக்கம் ஒதுங்கியது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு எட்டு மாதமாக எனக்குப் பழகிப் போன அந்தச் சத்தம். நான் துப்பட்டாவை இழுத்து எறிந்துவிட்டுப் பார்த்தேன். புதுச்சத்திரத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். ரோட்டுக்கு மறுபக்கம், தூரத்தில், கொட்டகைகள் வரிசையாகத் தெரிந்தன. நான் இறங்கி நின்று நெஞ்சு முட்ட மூச்சு இழுத்தேன். இன்னொரு தரம் இழுத்தேன். காற்று எங்கள் பக்கமிருந்து பண்ணைப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. கோழி நாற்றம் துளிகூட இல்லை.

அவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்து அவள் முதுகைத் தடவினார்.

“ஒண்ணுமில்ல சாமி, கோழி நாத்தந்தான். தாண்டிட்டாப் போயிரும்.”

“எங்கங்க நாத்தம்?” என்றேன் நான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவரும் மூச்சு இழுத்தார். முகம் மாறியது.

“ஏங்க, சனிக்கிழமை நீங்கதானே கூட்டிட்டு வர்றீங்க. அப்ப இந்த எடத்துல வாந்தி எடுப்பாளா?”

அவர் யோசித்தார். அவர் யோசிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

“இல்ல” என்றார். “அந்தா அந்த டீக்கடையில நிறுத்துவோம். போண்டா வாங்கித் தருவேன். ரெண்டு திம்பா. மூணும் திம்பா.”

“இந்த நாத்தத்துலயா?”

“ஆமா. கண்ணாடிய எறக்கிட்டுத்தான் திம்பா. போகும்போது வயிறு முட்டச் சாப்பிடறா, வரும்போது வெறும் வயிறு, அதனாலன்னு நெனைச்சுப்போட்டேன்.”

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்களே, அது அந்த நிமிடம் எனக்கு முழுசாகப் புரிந்தது. எலுமிச்சையும் இஞ்சியும் கற்பூரமும் கட்டிக்கொண்டு எட்டு மாதமாக நாங்கள் கோழியோடு சண்டை போட்டிருக்கிறோம். வீட்டுக்கு வருகிற பக்கம் நாறினால் போண்டா இறங்குகிறது. விடுதிக்குப் போகிற பக்கம் நாறாமலே குடல் புரட்டுகிறது.

அவள் கார் சீட்டில் கால்களை வெளியே போட்டு உட்கார்ந்து வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் குந்தினேன். கோபமாகக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். எனக்கு வாய்த்தது அந்தக் குரல்தான்.

“எதுக்குடி வாந்தி வருது?”

“கோழி நாத்தம்மா.”

“எங்கடி நாறுது? எனக்கும் மூக்கு இருக்கு. உங்கப்பாவுக்கும் இருக்கு. சொல்லு.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அங்கே அவளை யாரும் ஒன்றும் செய்யவில்லையாம். யாரும் திட்டவில்லையாம். டீச்சர்கள் நல்லவர்கள், கூடப் படிக்கிற பெண்களும் நல்லவர்கள். ஆனால் வாராவாரம் பரீட்சை, வாராவாரம் மார்க் வரிசைப்படி இடம் மாற்றி உட்காரவைப்பது, எந்நேரமும் மணியடிப்பது. படுத்தால் அடுத்த மணி எப்போது அடிக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம். தூக்கம் என்று சரியாக வந்தே ரொம்ப நாள் ஆகிவிட்டதாம். படித்தது எதுவும் தலையில் நிற்கவில்லையாம். பெயிண்ட் வாசனை வரப்போகிறது என்று நினைத்தாலே வயிறு சுருட்டுகிறதாம்.

“முடியலம்மா” என்றாள். “எல்லாராலயும் முடியுது. என்னால முடியல.”

“இத ஏண்டி இத்தன நாள் சொல்லல?”

அவள் மறுபடியும் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“நீங்க ரெண்டு பேரும் எனக்காக எவ்ளோ வெளையாடறீங்க. அப்பா சிரிச்சே நான் பாத்ததில்ல, கார்லதான் சிரிக்கறாங்க. நான் சொன்னா ஆட்டம் கெட்டுப்போயிரும்னு நெனைச்சேன்.”

அவளைச் சிரிக்க வைக்கிறேன் என்று நான் லாரி லாரியாகக் கதை கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஆட்டத்தில் நான் அவளுக்குப் பாயிண்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. ரோட்டில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

அழுகை ஓய்ந்ததும் எனக்கு வழக்கமான குரல் திரும்பி வந்தது. “ஏங்க, வண்டியத் திருப்புங்க” என்றேன்.

அவர் பாட்டிலை மூடினார். “ஏறுங்க” என்றார்.

ஏறினோம். வண்டி நேராக நாமக்கல்லை நோக்கியே போயிற்று.

நான் காத்திருந்தேன். திரும்புகிற அறிகுறியே இல்லை. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள். உடம்பு விறைத்திருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று தெருவில் எல்லோரும் சொன்னது இவர் மண்டையில் ஏறிவிட்டது போலிருக்கிறது, இந்த வருஷம் மட்டும் முடிக்கட்டும் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குள் கொதித்தது. சொல்லட்டும், சொன்னால் ஓடுகிற காரிலிருந்து இறங்கி மகளோடு நடந்தே சேலம் போவது என்று தீர்மானித்தேன். பட்டறைகள் வர ஆரம்பித்தன. பெயிண்ட் வாசனை உள்ளே வந்தது. அவள் என் புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்தாள்.

“நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?” என்று கத்தினேன்.

“நடுவால சொவுரு வெச்சிருக்கறான்ல. அதும் மேலயா திருப்ப முடியும்?” என்றார் அவர். “பாலத்துக்கடியில திரும்பறேன். செத்த பொறு.”

நாலுவழிச் சாலை. வீட்டுக்குத் திரும்ப வேண்டுமானாலும் முதலில் நாமக்கல் பக்கம்தான் போயாக வேண்டும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. அதை வண்டி எடுக்கும்போதே சொன்னால் என்ன, வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்?

பாலத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் பிரிகிற ரோடு வந்தது. பிள்ளைகளை விடவந்த கார்கள் வரிசையாக அதில் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டி அதைக் கடந்தது. பாலத்துக்கடியில் புகுந்து, வளைந்து, அந்தப் பக்கம் ஏறியது. “கண்ணத் தொறந்து பாரு” என்று நான் அவள் கன்னத்தைத் தட்டினேன். அவள் நிமிர்ந்து முதலில் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சேலம் என்று பெரிய பச்சைப் பலகை வந்தது. அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பின்தலையைப் பார்த்தாள்.

“அப்பா, என் பெட்டி அங்கயே இருக்கு” என்றாள்.

“நாளைக்கு நான் போய் எடுத்துக்கறேன் சாமி.”

“ஆறு மணிக்குத் தேடுவாங்க.”

“போன் பண்ணிச் சொல்லிட்டு வாரேன்” என்று சொல்லி அவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். காருக்குப் பின்னால் நின்று பேசினார். பேச்சு என்ன என்று கேட்கவில்லை. ஆனால் அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது காது சிவந்திருந்தது. என்ன சொன்னீர்கள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொன்னபாடில்லை.

அவள் பிறகு அம்மாபேட்டையிலேயே, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்தாள். டாக்டரும் ஆகவில்லை, என்ஜினியரும் ஆகவில்லை. இப்போது கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள், மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். ஊரில் வேறு பேச்சுப் பேசினார்கள். பேசினால் பேசட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் வழியில் யாரும் எந்த ஆட்டத்தையும் தொடங்கவில்லை. எதிரே மொட்டை வண்டிகள் நாலைந்து ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. நான் கத்த வாயெடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று வயதில் இப்படித் தூங்கிப் பார்த்தது. வேகத்தடை வருகிற இடத்தில் எல்லாம் அவர் வண்டியை எறும்பு போல நகர்த்தினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களை அவர் சட்டை செய்யவில்லை. என் கால் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.

அம்மாபேட்டைக்கு வந்து வாசலில் வண்டியை நிறுத்தினோம். தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் குடத்தோடு வெளியே வந்தவர், எங்களைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“என்னங்க, பாப்பாவ விடப் போனீங்க, திரும்பக் கூட்டிட்டு வந்துட்டீங்க? ஒடம்பு சரியில்லையா? அப்ப பரீட்சை? படிப்பு என்னாவறது?”

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்கு முன்னால் வீட்டுக்காரர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

“தூங்கறாளுங்க” என்றார், மெல்லிய குரலில். “மொதல்ல தூங்கட்டுங்க.”

எதிர்வீட்டு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ஜினை அணைத்தார். அவளை எழுப்ப இருவருக்கும் மனம் வரவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்.